மடிக்கணினியின் மந்தமும் அதன் பரிகாரமும்

பொருளொன்று பழுதுற்றவிடத்து அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கிக்கொள்ளுதல் செல்வர்க்கு எளிதாகலாம். ஆசிரியத் தொழிலோர்க்கும் மாணாக்கர்க்கும் அஃது எளிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்த நாம், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா கொடுக்க வேண்டியவரானோம். கணினி பிறநாட்டிலிருந்து வரும் பொருளாதலின் அதன் விலையும் உடனேறிற்று. பெருந்தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டு முதல் பாடசாலைகள் பலகாலும் மூடப்பட்டிருந்தபோது, வீட்டிலிருந்தே கற்கும் பொருட்டு வாங்கியும் இரவல் பெற்றும் வைத்த மடிக்கணினிகள் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றை என்செய்வது என்னும் வினா வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம் மாணாக்கர் பலரது இல்லங்களில் எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு இயன்றவரை விடை கூற முயல்கின்றேன். யான் பொறியியல் கற்றவன் அல்லேன்; பகலிற் கற்பித்து இரவிற் படித்து, வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். ஆதலின் ஈண்டுக் கூறுவன நூல்களிற் படித்தும், கையாற் செய்து பார்த்தும், ஓரிடத்திற் பொருள் இழந்தும் அறிந்தவையாம்.

பொருள் இழந்த கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். ஹெவ்லொக் டவுனில் எம்மில்லத்திலுள்ள மடிக்கணினி 2014ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. இன்ரெல் நிறுவனத்தாரின் நான்காந் தலைமுறைச் செயலியும், 4 கிகாபைற் நினைவகமும், 500 கிகாபைற் வன்தட்டும் உடையது. எமது தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் யாவும் அதிலேயே தட்டெழுதப்பட்டன. (பாமினி எழுத்துருவில் எழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றப் பட்ட பாடு வேறொரு கட்டுரைக்கு உரியது.) நாளடைவில் அக்கணினி மந்தமுற்றது. ஆளியை அழுத்திவிட்டு அடுக்களைக்குச் சென்று, தேநீர் வைத்து அருந்தி மீண்டால்தான் திரையிலே ஏதேனும் தோன்றும். மறுநாட் காலையில் அச்சுக்குக் கொடுக்கவேண்டிய வினாத்தாள் ஒன்றை ஓரிரவு அது திறக்க மறுத்துவிட, நள்ளிரவுக்குப் பின் முழுவதையும் கையால் எழுதினேன். அவ்வாரமே கடையொன்றில் வினவினேன். கடைக்காரர் கணினியைத் திறந்தும் பாராது, "றாமைக் கூட்டினால் சரி, சேர்" என்றார். அவர் தந்த நினைவகத் துண்டை வாங்கிவந்து பூட்டினேன். கணினி மந்தமாகவேனும் இயங்கிய நிலை போய், அறவே இயங்காதொழிந்தது. நான்காந் தலைமுறைக் கணினிக்கு 1.35 வோல்ற்றில் இயங்கும் டி.டி.ஆர்.3எல் என்னும் வகை வேண்டும். எனக்குத் தரப்பட்டதோ 1.5 வோல்ற்றுக்குரிய டி.டி.ஆர்.3. விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருந்தமையால் அப்பணம் போயிற்று.

வகை தவறியது ஒரு பிழை. ஆயின் அதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. காத்திருத்தல் எவ்வுறுப்பிலே நிகழ்கின்றது என்று அறியாமலே உறுப்பொன்றை வாங்கியமை அது. பழைய துண்டை மீண்டும் பூட்டியபின், கொன்ற்றோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மனேஜர் என்னும் பகுதியைத் திறந்து நோக்கினேன். செயலி நூற்றுக்குப் பத்துப் பங்கே உழைத்துக்கொண்டிருந்தது. நினைவகத்தில் மூன்றிலிரண்டு பங்கே நிரம்பியிருந்தது. வன்தட்டு மாத்திரம் நூற்றுக்கு நூறு என்று நின்றது. பல நிமிடம் அவ்வெண் இறங்கவே இல்லை. செலவின்றிச் செய்யத்தக்க இச்சோதனையை முன்னரே செய்திருப்பின் அக்கடைக்குச் சென்றிரேன்.

இவ்வுறுப்புக்கள் மூன்றும் தம்முள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அமர்ந்து கட்டுரை எழுதும் ஒருவரை எண்ணுக. எழுதுபவர் செயலி, அவர் முன்னுள்ள மேசை நினைவகம், சுவரோரத்து அலுமாரிகள் வன்தட்டு. வேண்டிய நூல்கள் மேசைமீது இருக்கும்வரை அவர் விரைந்தெழுதுவர். இல்லாத நூலுக்கு எழுந்து அலுமாரிக்குச் செல்லல் வேண்டும். மேசை சிறிதாயின் ஒரு நூலை வைக்க மற்றொன்றை மீளக் கொண்டுபோய் வைக்கவும் நேரும். கணினியை ஏற்றும்பொழுது மேசை வெறுமையாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்கள் ஒவ்வொன்றாக அலுமாரியிலிருந்து வருதல் வேண்டும். எனவே அந்நேரத்தில் மேசையைப் பெரிதாக்குவதாற் பயன் சிறிதே.

அவ்வலுமாரி எத்துணை மெதுவானது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் மாணாக்கர்க்கு நல்ல பயிற்சியாகும். மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. அஃதாவது செக்கனுக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் ஆகும். தேடும் இடம் வாசிப்பு முனையின் கீழ் வருவதற்குச் சராசரி அரைச்சுற்று, ஏறக்குறைய 5.5 மில்லிசெக்கன். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 12 மில்லிசெக்கன். ஆகவே சிதறிக்கிடக்கும் கோப்புக்களைச் செக்கனுக்கு ஏறக்குறைய 60 முறைக்கு மேல் எடுத்தல் அரிது. 2 கிகாஹேட்ஸ் செயலி ஒன்று, அவ்வாறு ஒருமுறை காத்திருக்கும் 17 மில்லிசெக்கனுள் 3 கோடியே 40 இலட்சம் துடிப்புக்களைக் கழித்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டிலே 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. 50 இலட்சம் எழுத்துக்களே அதிற் கொள்ளும். அன்றுதொட்டுக் கொள்ளளவு இலட்சம் மடங்கு பெருகிற்று. சுழற்சியோ மடிக்கணினியிற் சில மடங்கே மிகுந்தது. தட்டு இதனினும் விரைந்து சுழலின் வெப்பமும் ஒலியும் மின்செலவும் மிகும். பௌதிகம் இட்ட எல்லை இது. எந்த நிறுவனத்தின் குறையும் அன்று.

இவ்வெல்லையைக் கடந்தது சுழலாத சேமிப்பகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பார் 1984ஆம் ஆண்டில் அறிவித்த பிளாஷ் நினைவகமே இதற்கு மூலம். மின்னேற்றத்தைச் சிறு அறைகளிற் சிறைப்படுத்தி வைப்பதால், மின் நின்றபின்னும் அதில் எழுதியது அழியாது. கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டாற் கிடைக்கும். இதில் அசையும் உறுப்பு யாதும் இல்லை. வேண்டிய இடத்தை ஏறக்குறைய 0.1 மில்லிசெக்கனில் அடையும். செக்கனுக்கு 60 முறை என்ற கணக்கு ஆயிரக்கணக்கான முறை என்று மாறிவிடுகின்றது. தொடர்ச்சியாக வாசிக்கும் வேகம் 100 மெகாபைற்றிலிருந்து 500 மெகாபைற்றுக்குச் சற்று மேலே செல்லும். விளம்பரங்கள் இப்பின்னதையே பெரிதாகப் பேசும். நாம் உணரும் வேறுபாட்டுக்கோ முன்னதே காரணம்.

ஜீன் அம்டால் என்னும் கணினியறிஞர் 1967ஆம் ஆண்டில் எடுத்துரைத்த ஒரு கருத்து ஈண்டுப் பொருந்தும். அவர் கூறியது பல செயலிகள் ஒருங்கே இயங்குவது பற்றியதாயினும் கணக்கு ஒன்றே. பத்து நிமிட வேலையில் ஒன்பது நிமிடம் வன்தட்டுக்கும் ஒரு நிமிடம் செயலிக்கும் உரியதாயின், செயலியை இருமடங்கு விரைவாக்கினும் மிஞ்சுவது ஒன்பதரை நிமிடம். வன்தட்டைப் பத்து மடங்கு விரைவாக்கின் மிஞ்சுவது 1.9 நிமிடம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பள்ளி முடிந்த வேளையிற் பயணஞ் செய்தோர்க்கு இது புதிதன்று. புறக்கோட்டை நெரிசலில் நிற்கும் பஸ்வண்டிக்கு வலிய எந்திரம் பூட்டுவதால் யாது பயன்?

நினைவகத்தைக் கூட்டுதல் வீண் என்பதன்று என் கருத்து. இணைய உலாவியிற் பல பக்கங்களைத் திறந்துவைத்து, ஒளிப்படப் பாடம் கேட்டுக்கொண்டே எழுதும் மாணாக்கர்க்கு 4 கிகாபைற் போதாது. நினைவகம் நிரம்பினாற் கணினி எஞ்சியவற்றை வன்தட்டில் ஒதுக்கி வைக்கும். மேசை நிரம்பியவர் நூல்களைத் தரையில் வைப்பது போல. அந்நிலையில் 8 கிகாபைற்றாக உயர்த்தல் நலம். ஆயின் வாங்குமுன், பழைய துண்டைக் கழற்றி அதன்மேல் ஒட்டிய சிட்டையைப் படித்தல் இன்றியமையாதது. டி.டி.ஆர்.4 வகை 1.2 வோல்ற்றுக்குரியது, அதன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் டி.டி.ஆர்.3 பொருத்தியில் நுழையாது. டி.டி.ஆர்.3 துண்டோ டி.டி.ஆர்.3எல் பொருத்தியில் நன்றாக நுழையும், என்னிடம் நுழைந்தது போல. மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசிடப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. செயலியும் இக்காலத்து மடிக்கணினிகளில் அவ்வாறு பற்றாசிடப்பட்டதே. அதனை மாற்ற எண்ணுதல் வேண்டா. மின்விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்து, செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தால், சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் செயலி பழைய நிலைக்கு மீளும். கடற்காற்று வீசும் எம் பகுதிகளில் இது சிலவாண்டுக்கு ஒருமுறையேனும் வேண்டப்படுவது.

எஸ்.எஸ்.டி.யிலும் வகைகள் உள. பழைய கணினிக்கு 2.5 அங்குல அளவில் சாற்றா இணைப்புடையது பொருந்தும். பிற்காலத்தனவற்றில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவம் உண்டு. அவ்வடிவினுள்ளும் சாற்றா, என்.வி.எம்.இ. என இருவேறு முறைகள் இருத்தலின், கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு சென்று கேட்டல் வேண்டும். பம்பலப்பிட்டியிற் காலி வீதியிலுள்ள யூனிட்டி பிளாசாவிற் கணினிக் கடைகள் பல அடுத்தடுத்து இருத்தலால், இரண்டு மூன்றிடத்து விலையும் உத்தரவாதக் காலமும் ஒப்பிட்டு வாங்கலாம்.

பூட்டுமுன் கோப்புக்கள் யாவற்றையும் வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தல் முதற்கடன். பின் புதிய சேமிப்பகத்தை யூ.எஸ்.பி. இணைப்பால் வெளியே தொடுத்துப் பழையதை அவ்வாறே நகல்செய்யலாம்; அன்றேல் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவலாம். பின்னதே தூயது, பல்லாண்டுக் குப்பை அதனோடு ஒழியும். மின்னூட்டியைக் கழற்றி, மின்கலத்தையும் நீக்கி, உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின் அடிமூடியைத் திறக்க. திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். கடதாசியொன்றிற் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்தாற் குழப்பம் நேராது. வன்தட்டு ஓர் உலோகச் சட்டத்தில் இருக்கும். சட்டத்தைக் கழற்றிப் புதியதை அதிற் பூட்டி மீள நுழைக்க. பழையது 9.5 மில்லிமீற்றர் தடிப்பும் புதியது 7 மில்லிமீற்றர் தடிப்பும் உடையனவாயின், இடைவெளியை நிரப்பும் பிளாஸ்ரிக் சட்டம் ஒன்று தேவைப்படும்.

ஒன்று நினைவிருத்தல் வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் செயலி பெரும்பாலும் எட்டாந் தலைமுறையினதோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். எத்துணை உறுப்பு மாற்றினும் என் கணினி அத்தகுதி பெறாது. ஆதலின் அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் என்னும் முறைமையை நிறுவினேன். தமிழ் ஒருங்குறி அதில் இடரின்றி இயங்குகின்றது. பழகுவதற்கு இரண்டு வாரம் சென்றது. அவ்விரு வாரமும் வீட்டார் என்னோடு கூடுதலாகப் பேசவில்லை.

முன்பு நான்கு நிமிடத்துக்கு மேலாகத் திறந்த கணினி இப்போது இருபது செக்கனளவில் திறக்கின்றது. கழற்றிய வன்தட்டை யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, தவணைக்கு ஒருமுறை வினாத்தாள்களைப் படியெடுத்து வைக்கின்றேன், எஸ்.எஸ்.டி. பழுதுற்றால் முன்னறிவிப்பின்றிப் பழுதுறும், அதிலிருந்து மீட்டலும் அரிது. முதலில் வாங்கி ஏமாந்த நினைவகத் துண்டு மூன்றாண்டு மேசை இழுப்பறையிற் கிடந்தது. சென்ற ஆண்டு உடனாசிரியர் ஒருவரின் 2011ஆம் ஆண்டுக் கணினியைத் திறந்து சிட்டையைப் படித்தபோது 1.5 வோல்ற் என்றிருந்தது. அதில் அது பொருந்தி இன்றளவும் இயங்கிவருகின்றது.