ஜாவாவை எழுப்பிவிடும் சின்ன நிரல்

சிவகிரியிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தெற்கே போனால் தென்காசி. அதன் பக்கத்தில் மத்தளம்பாறை. 2011-ல் இங்கே அலுவலகம் திறந்த ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் மென்பொருளை ஜாவாவில் எழுதித்தான் அது வளர்ந்தது. ஜாவாவின் முதல் பதிப்பு வெளியானதும் அதே 1996-ல்தான்.

ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் சர்வர் மென்பொருள்கள் சிலவற்றை நிறுவிவிட்டு ஃபோல்டரைத் திறந்தால், 'ரன்.பேட்', 'ரன்.எஸ்ஹெச்' என்ற ஸ்கிரிப்டுகளும் 'ரேப்பர்.கான்ஃப்' என்ற கோப்பும் கண்ணில் படும். மென்பொருளைத் தட்டி எழுப்புவது இவற்றின் வேலை.

ஜாவா நிரல் தானாக ஓடாது. அதை ஓட்ட ஜாவா மெய்நிகர் இயந்திரம் வேண்டும். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு மெமரி தரலாம், எந்த நூலகங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்லியாக வேண்டும். நாலைந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் அதைச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த நாலைந்து வரியிலும் கவனம் தேவை. லினக்ஸில் ஸ்கிரிப்ட் ஜாவாவைத் தொடங்கிவிட்டுத் தானும் காத்திருக்கிறது என்று வையுங்கள். நிறுத்தச் சொல்லும் கட்டளை ஸ்கிரிப்டுக்கு மட்டும் போகும். ஸ்கிரிப்ட் முடிந்துவிடும், ஜாவா போர்ட்டைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி தொடங்கினால், 'போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது' என்ற பிழைதான் வரும். ஜாவாவை அழைக்கும் வரியின் முன்னால் 'எக்ஸெக்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால், ஸ்கிரிப்டின் இடத்திலேயே ஜாவா வந்து உட்காரும். கட்டளை நேராக அதற்கே போகும்.

நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது சர்வர் முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கேதான் ரேப்பர் கைகொடுக்கிறது. டானுகி நிறுவனத்தின் ஜாவா சர்வீஸ் ரேப்பர் விண்டோஸில் சர்வீஸாகப் பதிவாகி, கணினியோடு சேர்ந்தே எழுகிறது. ஜாவாவிடம் அவ்வப்போது குரல் கொடுத்துப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால், நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

எழுப்புவதற்கு ஜாவா முதலில் கணினியில் இருக்க வேண்டுமே. வருமான வரித்துறை பல ஆண்டுகள் தந்த ஜாவா படிவ மென்பொருளுக்கு, கணினியில் ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அந்தச் சுமையைப் பயனாளரின் தலையில் வைப்பது சரியல்ல. 2021-ல் ஜாவா 16-இல் நிலைபெற்ற 'ஜேபேக்கேஜ்', தேவையான ஜாவாவையும் நிரலோடு சேர்த்து ஒரே நிறுவியாகக் கட்டித் தருகிறது.

சிவகிரிக் கடைக்காரருக்காக ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதும் மாணவர்களே, கொடுப்பதற்கு முன் ஜாவாவே இல்லாத கணினியில், பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டரில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.