நெஞ்சம் படபடக்கும்போது

இரவில் படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது. ஒரு துடிப்புத் தவறி, அடுத்தது ஓங்கி அடிக்கிறது. மாரடைப்போ என்று கலங்குகிறோம். நம்மில் சிலருக்கு இதன் காரணம் மிட்ரல் வால்வுப் பிதுக்கமாக இருக்கலாம்.

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே ஈரிதழ்க் கதவொன்று உண்டு. ஆயர்கள் வழிபாட்டில் அணியும் மைட்டர் எனும் இருமுனைத் தொப்பியை ஒத்திருப்பதால் அதற்கு மிட்ரல் வால்வு என்று பெயர். இதயம் சுருங்கும்போது அதன் இதழ்கள் மேலறைப் பக்கமாகப் பிதுங்குவதே இக்குறை. நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு இது உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர்.

எனினும், ஒன்றுமில்லை என்று நாமே தீர்ப்பிடலாகாது. இரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்பதை எக்கோ பரிசோதனை காட்டும். கசிவில்லையேல் போதிய உறக்கமும், படபடப்பைத் தூண்டும் காப்பி, தேநீரைக் குறைத்தலும், மருத்துவர் குறித்த காலத்தில் மறுபரிசோதனையும் பெரும்பாலோர்க்குப் போதும். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இல்லத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. படபடப்பு அச்சத்தை வளர்க்கும். அச்சம் படபடப்பை வளர்க்கும். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று நகைப்பது அச்சுழலை அறுக்காது. அருகமர்ந்து கைப்பற்றிக் கூறும் ஆறுதல் மொழியே அறுக்கும்.