அலமாரியில் கிடக்கும் சிடியை டேப்பில் பார்க்கலாம்



நம் கூட்டமைப்பு அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய சிடிகள் கிடக்கின்றன. மண்புழு உரம் தயாரிக்கும் பயிற்சிப் படம், கறவை மாட்டுக்கு மடிநோய் வராமல் காப்பது பற்றிய படம், ஆண்டு விழாவில் நம் உறுப்பினர்களே நடித்த வரதட்சணை எதிர்ப்பு நாடகம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. டிவிடி பிளேயர் பழுதாகி வருடக்கணக்காகிறது. புதிய லேப்டாப்களில் சிடி போடும் இடமே கிடையாது.

உறுப்பினர்கள் வீட்டிலும் இதே கதைதான். பீரோவுக்குள் கல்யாண சிடி இருக்கும். இறந்துபோன அப்பாவோ மாமியாரோ நடமாடிப் பேசுகிற காட்சி அதில் மட்டும்தான் இருக்கும். வீட்டில் பதிவு செய்யும் சிடிகளில் படம் பதிவது ஒரு மெல்லிய சாயப் பூச்சின் மீது. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும். அப்புறம் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே இதைத் தள்ளிப் போடக் கூடாது என்கிறோம்.

"கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்களே" என்று கேட்கலாம். சிடியை மட்டும் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நம்மில் பலர் மெமரி கார்டையோ போனையோ சேர்த்துக் கொடுத்து, "இதிலேயே ஏற்றி வைங்க தம்பி, சாயந்திரம் வாங்கிக்கிறேன்" என்று வந்துவிடுகிறோம். அந்தக் கார்டில் என்னென்ன இருக்கிறது? பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் அட்டை, மகளின் போட்டோக்கள். அழித்துவிட்டுக் கொடுத்தாலும் அழித்ததைத் திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எல்லாக் கடைக்காரர்களையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் நாமே செய்துகொள்ளக் கூடிய வேலைக்கு நம் வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, சிடியில் இருக்கும் படம் டேப்பில் ஏன் நேராக ஓடுவதில்லை? ஒரு டிரங்குப் பெட்டியில் புடவைகளை மடித்து வைப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். பெட்டி ஒன்று, உள்ளே மடிப்பு வேறு. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி, விஓபி, டாட் போன்றவை பெட்டியின் பெயர்கள். உள்ளே படத்தை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது மடிப்பு. விசிடியில் எம்பெக்-1 என்ற மடிப்பு, டிவிடியில் எம்பெக்-2. 2003-இல் வந்த எச்.264 இவற்றைவிட மிகச் சிறியதாக மடிக்கும். இன்று விற்கும் டேப்களில் இந்த எச்.264-ஐப் பிரிப்பதற்கென்றே சில்லில் தனி வசதி இருக்கிறது. அதனால் படம் தடங்காமல் ஓடும், பேட்டரியும் சீக்கிரம் தீராது. மற்ற மடிப்புகளை டேப்பில் உள்ள பிளேயருக்குப் பிரிக்கத் தெரியாமல் போகலாம். அப்போதுதான் சத்தம் மட்டும் வரும், அல்லது திரை கறுப்பாக நிற்கும்.

சிலர் கோப்பின் பெயரில் உள்ள டாட்டை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதிப் பார்க்கிறார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மடிப்பு மாறாது. நாம் செய்ய வேண்டியது, படத்தை எம்பி4 பெட்டிக்குள் எச்.264 மடிப்பாக மாற்றுவது.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்து பாருங்கள். டேப்பில் பிளே ஸ்டோரில் போய் விஎல்சி என்ற செயலியை இறக்குங்கள். ஆரஞ்சு நிறத்தில், சாலைப் பணி நடக்கும் இடத்தில் வைப்பார்களே கூம்பு, அதுதான் அதன் சின்னம். பிரான்சில் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது இது. காசு கிடையாது, விளம்பரமும் வராது. பழைய மடிப்புகள் பெரும்பாலானவற்றை இதுவே பிரித்துக் காட்டிவிடும். பென் டிரைவில் உள்ள படம் டேப்பில் ஓடவில்லை என்று எங்களிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறோம். பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். இடம் குறைவாக இருந்தாலோ, படம் தடங்கித் தடங்கி ஓடினாலோ, பல பேர் டேப்பில் ஏற்ற வேண்டியிருந்தாலோ மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றுவதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். 2003-இல் தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள் அதைப் பராமரித்து வருகிறார்கள். விண்டோஸ் 10, 11, லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். இதை இறக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். அதன் சொந்த இணையதளம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் என்று முடியும், காம் என்று அல்ல. தேடினால் அதே போன்ற பெயரில் வேறு தளங்களும் வரலாம். "இலவசம்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசியில் ஏடிஎம் கார்டு எண் கேட்கும் எதையும் தொடாதீர்கள். உண்மையான ஹேண்ட்பிரேக் ஒரு ரூபாய்கூடக் கேட்காது, படத்தின் மேல் தன் பெயரை அச்சடிக்கவும் செய்யாது.

முதலில் சிடியைச் சுத்தம் செய்யுங்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பாத்திரம் துடைப்பதுபோல் வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழுந்து படம் கெட்டுவிடும். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாவிட்டால், யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை, பஞ்சாயத்துக்கு ஒன்று பொதுவில் இருந்தால் போதும்.

டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே லேப்டாப்புக்குக் காப்பி செய்து கொள்ளுங்கள். விசிடி என்றால் எம்பெக் ஏவி என்ற ஃபோல்டருக்குள் டாட் என்று முடியும் கோப்பு இருக்கும். ஹேண்ட்பிரேக்கைத் திறந்ததும் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கும். டிவிடிக்கு ஃபோல்டரையும், மற்றவைக்கு ஃபைலையும் காட்டுங்கள். டிவிடியில் பல துண்டுகள் இருந்தால் டைட்டில் என்ற இடத்தில் வரிசையாக வரும். அதிக நேரம் ஓடுவது எதுவோ அதுதான் பெரும்பாலும் நமக்கு வேண்டிய படம்.

அடுத்தது பிரிசெட். யாரோ நமக்காக முன்பே உப்பு, காரம் அளந்து வைத்த பொட்டலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். போனில் எடுத்த தெளிவான படத்துக்கு ஃபாஸ்ட் 720பி30 போதும். டிவிடிக்கு ஃபாஸ்ட் 576பி25. இதைவிடப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பழைய படம் பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். விசிடியில் படத்தின் அளவே 352க்கு 288 புள்ளிதான், இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது.

கேசட்டிலிருந்து சிடிக்கு ஏற்றிய பழைய கல்யாணப் படங்களில், ஆள் அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். அப்படி இருந்தால் ஃபில்டர்ஸ் என்ற பக்கத்தில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்தைத் தனியாக அடியில் ஓட விடும் படம் என்றால், சப்டைட்டில்ஸ் பக்கத்தில் பர்ன் இன் என்பதை டிக் செய்வது நல்லது. எழுத்து படத்தோடு ஒட்டிவிடும், சில டேப்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை வராது.

முழுப் படத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதில்லையா? ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் என்று மாற்றி, 0 முதல் 60 வரை கொடுத்து ஒரு நிமிடம் மட்டும் மாற்றி டேப்பில் ஓட்டிப் பாருங்கள். சத்தமும் படமும் சேர்ந்து வந்தால் முழுவதும் மாற்றலாம். எங்கே சேமிக்க வேண்டும் என்று காட்டி ஸ்டார்ட் என்கோட் பொத்தானை அழுத்தினால் அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் படம் ஓடும் நேரத்தைவிட அதிக நேரம்கூடப் பிடிக்கும். சார்ஜரைச் சொருகிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

2011 முதல் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரசு லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பழைய விண்டோஸ் உள்ளவற்றில் இன்றைய ஹேண்ட்பிரேக் ஏறாது. அதற்கும் விஎல்சிதான் கைகொடுக்கும். அதைக் கணினியில் நிறுவி, மீடியா என்ற பட்டியலில் கன்வெர்ட் என்பதை அழுத்தி, படத்தைச் சேர்த்து, எச்.264, எம்பி4 இரண்டு பெயரும் உள்ள வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்பார்கள். டிவிடியில் ஒரு மணி நேரப் படம் சாதாரணமாக 2 ஜிபி வரும். நொடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் மாற்றினால் நிமிடத்துக்கு 7.5 எம்பி, மணிக்கு 450 எம்பி. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு! சிறிய திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இனி டேப்புக்கு ஏற்றுவது. சார்ஜ் செய்யும் வயரால் லேப்டாப்பையும் டேப்பையும் இணைத்ததும், டேப்பில் மேலிருந்து கீழே இழுத்தால் யூஎஸ்பி பற்றி ஓர் அறிவிப்பு தெரியும். அதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லேப்டாப்பில் டேப்பின் பெயர் தெரியும். அதற்குள் மூவீஸ் ஃபோல்டரில் படத்தைப் போடுங்கள். அறிவிப்பே வரவில்லை என்றால் டேப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மலிவான வயர் சிலவற்றில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. வேறு வயர் மாற்றிப் பாருங்கள். "மெமரி கார்டில் இடம் இருக்கு, ஆனா பெரிய படம் மட்டும் ஏற மாட்டேங்குது" என்று சொன்னவர்களும் உண்டு. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் இருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறவே ஏறாது. படத்தைச் சுருக்கினால் அந்தத் தொல்லையும் தீரும்.

ஒரு முறை ஏற்றிவிட்டால் நெட் தேவையில்லை. சிக்னல் கிடைக்காத மலைக் குடியிருப்பில்கூட, கூட்டம் முடிந்ததும் பத்து பேர் சுற்றி உட்கார்ந்து மடிநோய்ப் படத்தைப் பார்க்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் ஓட்டிக் கேட்கலாம். பயிற்சிக்கு வரும் பயிற்றுநரிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கக் கூச்சப்படுகிற அக்காக்கள், டேப்பிடம் கூச்சப்படுவதில்லை.

சினிமாப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சினிமா டிவிடிகளில் பலவற்றுக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். ஹேண்ட்பிரேக் அந்தப் பூட்டை உடைக்காது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. நம் குழு நாடகம், நம் விழா இவற்றை மாற்ற யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பயிற்சிப் படம் வேறு நிறுவனத்துடையது என்றால் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மாற்றிய படத்துக்கு ஊர், விஷயம், வருடம் வருகிற மாதிரி பெயர் வையுங்கள். "வீடியோ 1", "வீடியோ 2" என்று வைத்தால் ஆறு மாதத்தில் யாருக்கும் எது எதுவென்று தெரியாது. லேப்டாப்புக்கு எடுத்த மூலக் கோப்பை அழிக்காமல் ஒரு பென் டிரைவில் தனியாக வைத்து, கூட்டமைப்பு அலமாரியில் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது குழுவிடம் உள்ள சிடிகளை உறையோடு எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்ததும் லேப்டாப்பை வைத்து ஒன்றிரண்டை அங்கேயே சேர்ந்து மாற்றுவோம். வயரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.