இனுவிட் வேட்டைக்காரர்கள் வரைந்த நிலம்

கனடாவின் ஆர்க்டிக் பகுதி ஆளற்ற வெளி என்றே தெற்கில் பலரும் கருதி வந்தனர். 1970களில் எண்ணெய், கனிம நிறுவனங்கள் அங்கு கண் வைத்தபோது, அந்நிலம் தமது பயன்பாட்டில் இருப்பதை இனுவிட் மக்கள் நிறுவ வேண்டியதாயிற்று. அவர்களிடம் பத்திரம் எதுவும் இல்லை.

மானிடவியலாளர் மில்டன் ஃப்ரீமன் தலைமையிலான குழு, வேட்டைக்காரர்கள் முன் வரைபடங்களை விரித்தது. காரிபூ மான், சீல், நரி ஆகியவற்றைத் தம் வாழ்நாளில் எங்கெங்கு வேட்டையாடினோம் என்பதை அவர்களே கோடிட்டுக் காட்டினர். உறைந்த கடலும் அதில் அடக்கம்; அவர்களுக்கு அதுவும் நிலமே. அக்கோடுகளை ஒன்றுசேர்த்தபோது, வெற்றிடமாகத் தெரிந்த பகுதி நிரம்பியது.

1976இல் மூன்று தொகுதிகளாக வெளியான இந்த ஆய்வு, நில உரிமைப் பேச்சுவார்த்தைகளுக்கு ஆதாரமாக அமைந்தது. 1993இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1999 ஏப்ரல் முதல் நாள் நுனாவுட் தனிப் பிரதேசமானது.

மக்கள் பங்கேற்பு வரைபடம் எனப்படும் இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கோட்டுக்கு வெளியே உள்ள இடம் எவருக்கும் தேவையற்றது என வாதிடவும் அதே வரைபடம் உதவக்கூடும். எதை வரைவது, எதை வரையாமல் விடுவது, பிரதி யாரிடம் இருப்பது என்பவற்றை, பேனாவை எடுக்கும் முன்பே ஊராருடன் பேசி முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.