நிழலில் பூக்கும் கிழங்குகளுக்கு ஓய்வு வேண்டும்

வேம்போ முருங்கையோ நிற்கும் வீட்டில், அதன் அடியில் உள்ள மண்ணைப் பூச்செடிக்கு உதவாத இடம் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ரோஜா, மல்லிகை, சம்பங்கி ஆகியவை வெயிலைத் தேடுகிறவை. அவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த முடிவு சரிதான். ஆனால் கோடையின் முதல் மழைக்கே மண்ணைப் பிளந்துகொண்டு வந்து பூக்கும் கிழங்குச் செடிகள் சில அரை நிழலிலும் நன்றாக வாழ்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊரில் அவை பூக்காமல் போனால் நிழலை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. ஆண்டு முழுவதும் நிறுத்தாமல் ஊற்றும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

காஷ்மீரின் டியூலிப் தோட்டத்தைப் படத்தில் பார்த்துவிட்டு அந்தக் கிழங்குகளை வாங்கி நடுகிறவர்கள் உண்டு. டியூலிப் பூக்க ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் கடும் குளிரில் கிடக்க வேண்டும். மார்கழியிலும் அப்படிக் குளிராத தூத்துக்குடிக் கரையில் அது நடக்காது. அந்தச் செடிகளுக்குக் குளிர் தரும் ஓய்வை இங்குள்ள கிழங்குகளுக்கு வறட்சி தருகிறது. காட்டு வெங்காயம் இலையே இல்லாத நிலையில், வெயில் காயும் காலத்தில் பூத்தண்டை நீட்டுகிறது. சேனைக்கிழங்கிலும் பூ வருமானால் இலைக்கு முன்பே வருகிறது. நர்சரியில் ஃபுட்பால் லில்லி என்று விற்கும் ஆப்பிரிக்கச் செடி, இலை காய்ந்து மண்ணுக்குள் கிடந்துவிட்டு, சித்திரை வைகாசியில் சிவந்த பந்தாக எழும்புகிறது. மழை லில்லியோ, காய்ந்த மண்ணில் நல்ல மழை விழுந்த சில நாட்களில் பூத்துவிடும். சென்ற பருவத்தில் இலை சமைத்த உணவு கிழங்கில் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இவை புது இலைக்குக் காத்திராமல் பூக்கின்றன.

ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தை முதல் பங்குனி வரை, இலை உதிர்ந்த கிழங்குகளைக் காய விடலாம். மரத்தின் வேர் தண்ணீரை உறிஞ்சிவிடுமே என்ற கவலை அந்த மாதங்களுக்குப் பொருந்தாது. அந்த உறிஞ்சல் அப்போது உதவியே. தென்மேற்குப் பருவமழை இங்கே பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. ஆனி ஆடியில் காற்றுதான் வீசும். இலை பச்சையாக நிற்கும் அந்தக் காலத்தில்தான் தண்ணீரும் மக்கிய தொழுவுரமும் தேவை. பூ முடிந்ததும் அழகு கெடுகிறதென்று பச்சை இலையை வெட்டினால், அடுத்த ஆண்டுப் பூவையே வெட்டுகிறோம். எப்போதும் பச்சையாக நிற்கும் விஷமூங்கிலுக்கும் ஸ்பைடர் லில்லிக்கும் இந்த ஓய்வு விதி பொருந்தாது. அவற்றை முழுக்கக் காய விட வேண்டியதில்லை.

நிழலில் பூ குறையும் என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அடர்ந்த இருட்டில் எந்தக் கிழங்கும் உணவு சேர்க்க முடியாது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் கிழக்குப் பக்கமே ஏற்ற இடம். மழை லில்லிக்கு இன்னும் சற்று வெளிச்சம் நல்லது. வேம்பின் தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழித்தாலே போதிய ஒளி வரும். நிழலைவிடப் பெரிய ஆபத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உள்ள ஸ்ரீவைகுண்டத்தின் வயற்பாங்கான களிமண் தண்ணீரை எளிதில் விடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருவெள்ளம் வர வேண்டியதுகூட இல்லை, சில நாள் தேங்கிய நீரே கிழங்கை அழுகச் செய்யும். ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, மணலும் தொழுவுரமும் கலந்து நடுவதே காப்பு.

சில நாள் பூவுக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். இந்தப் பாட்டில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். மழை லில்லி ஒவ்வொரு நல்ல மழைக்கும் திரும்பப் பூக்கிறது, கிழங்குகள் தாமாகப் பெருகுகின்றன, ஒருமுறை நட்டதைப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்கக் கூடாது. இவற்றுள் பல நஞ்சு கொண்டவை, வெங்காயம் போலத் தோன்றுபவை. குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் நட வேண்டும், சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. குடிநீருக்கே கோடையில் திண்டாடும் மாவட்டத்தில், கோடைக்கு முன் தண்ணீர் கேட்காமல் இருந்து கோடையிலேயே பூக்கும் செடி, வீட்டுத் தோட்டத்தில் முதல் இடம் பெறத் தகுதியானது.