நாஷ்டா துன்னுட்டு வரலாமா, சிஸ்டர்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த நகர்ப்புற சுகாதார நிலையத்து வரிசையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். மாசமாக இருக்கும் பெண்ணிடம் அடுத்த வாரம் சுகர் டெஸ்ட் என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும், "வெறும் வயித்தோட வரணுமா, நாஷ்டா துன்னுட்டு வரலாமா, சிஸ்டர்?" என்பாள். அரசு மையங்களில் கிடைக்கும் பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். சாப்பிட்டும் வரலாம், சாப்பிடாமலும் வரலாம்.

ஆனால் இதே பெண் ஸ்கேன் எடுக்க ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே சுகர் டெஸ்டுக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்கிறார்கள். செக்கப் ஓரிடத்தில், ஸ்கேன் இன்னோரிடத்தில், பிரசவம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு ஆஸ்பத்திரியில் என்று அலையும் வடசென்னைப் பெண்ணுக்கு யார் சொல்வது சரி என்ற குழப்பம் வருவது இயல்பு. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவை இரண்டும் வெவ்வேறு பரிசோதனைகள்.

சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை என்ற முறை பிறந்ததே சென்னையில்தான். நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பார்த்த சிக்கல் மிக எளியது. முதல் முறை வரும் கர்ப்பிணிகளை "நாளைக்கு வெறும் வயிற்றோடு வா" என்று திருப்பி அனுப்பினால், அவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. பஸ் காசு, வீட்டு வேலை, இழக்கும் நாள் கூலி என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம். வந்த அன்றைக்கே, வந்த நிலையிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதே சேஷய்யா குழுவின் தீர்வு. இந்திய அரசு 2014-ல் கொண்டுவந்து 2018-ல் திருத்திய தேசிய வழிகாட்டி இதையே ஏற்றது. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து அவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரப் பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்தச் சர்க்கரை இருந்தது. நகரத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருத்தி. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. உடம்பு ஈடுகொடுக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும், பனிக்குட நீர் கூடும், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை திடீரென்று இறங்கும். டெஸ்ட் எடுக்காமல் இவற்றை முன்கூட்டி அறிய வழியில்லை.

அரசு மையத்தில் இந்த டெஸ்ட் பதிவு செய்ய வரும் முதல் நாளில் ஒருமுறை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, மறுநாள் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் தொடரலாம். மசக்கை அதிகமுள்ளவர்கள் முன்பே சொல்லிவிட்டு மெதுவாகக் குடிப்பது நல்லது. கொஞ்சம் எலுமிச்சை பிழியலாமா என்பதையும் சிஸ்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது அந்த இரண்டு மணி நேரம்தான். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடையோடு கிளம்பும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்பது அன்றைய வியாபாரம். புருஷன் கம்பெனியில் முதல் ஷிஃப்ட் போயிருக்க, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடிவரும் திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு, அடுப்பில் பாதியில் நிறுத்திய சோறு நினைவில் நிற்கும். குளுக்கோஸ் தண்ணியைக் குடித்துவிட்டு, "தோ வந்துட்றேன் சிஸ்டர்" என்று வீட்டுக்கு நடந்து போய், வேலை பார்த்து, வழியில் ஒரு டீயும் குடித்து, இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் வரும் எண்ணில் அர்த்தமில்லை. நடையும் வேலையும் சர்க்கரையை இறக்கிக் காட்டும், டீ ஏற்றிக் காட்டும். எனவே இந்த டெஸ்டுக்கு உண்மையான தயாரிப்பு வயிற்றில் இல்லை. அன்று காலையைக் காலியாக வைத்துக்கொள்வதில் இருக்கிறது. பிள்ளையை யார் கூட்டி வருவது, சோறு யார் வடிப்பது என்பதை மாமியாரும் அம்மாவும் புருஷனும் முந்தின நாளே பேசி முடித்துவிட வேண்டும். இதைக் கர்ப்பிணியின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. குடித்து முடித்த நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கி, ஒரே இடத்தில் உட்கார்ந்திருங்கள். தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம், வேறெதுவும் வேண்டாம். ஆறு மாத வயிற்றோடு வருகிறவளை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லும் எந்த நிலையமும் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுத்தமான கழிப்பறை இவற்றையாவது தர வேண்டும். அதுவும் டெஸ்டின் ஒரு பகுதியே.

ரிசல்ட் கெட்டு வந்தால் திட்டு விழுமோ என்ற பயத்தில், நாலு நாள் முன்பே சோற்றை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மாவுச்சத்தை நாள் கணக்கில் ஒதுக்கிய உடம்பு திடீரென்று வரும் 75 கிராம் குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறும், எண் கூடுதலாகக் காட்டவே வாய்ப்பு அதிகம். எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டு வாருங்கள். கூட ஒரு விஷயம்: எண்ணூர், மணலிப் பக்கம் வீசிங்குக்கு மருந்து எடுப்பவர்கள், அதில் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது சர்க்கரையை ஏற்றும். முந்தைய பிரசவத்தில் குழந்தை பெரிதாக இருந்ததா, முன்பு கரு கலைந்ததா, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் இந்த வழி போதுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சென்னையிலேயே மருத்துவர் வி. மோகனின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, சாப்பிட்ட வயிற்றில் செய்யும் டெஸ்ட் பலரைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறது என்றது. தனியாரில் பல இடங்களில் செய்வது, 2010-ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்த முறை. வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. மூன்றில் ஒன்று எட்டினாலே நீரிழிவு. இரு தரப்பு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பி வராத பெண்ணை எவ்வளவு துல்லியமான டெஸ்டாலும் காப்பாற்ற முடியாது என்பதால், நம் பகுதிக்குச் சேஷய்யாவின் வழியே பொருத்தம் என்பது என் எண்ணம். அதே சமயம், முதல் டெஸ்டில் எண் 140-க்குக் கீழே வந்துவிட்டது என்று 24-வது வார டெஸ்டைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

எண் கூடிவிட்டால் உடனே ஊசிதான் என்று அழ வேண்டியதில்லை. முதலில் இரண்டு வாரம் உணவு மாற்றம், நடை. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வந்தால் அதே வழியில் போகலாம். வராவிட்டால்தான் மருந்தோ இன்சுலினோ. நமக்கு ஒரு வசதி, மீன் பக்கத்திலேயே கிடைக்கிறது. நெத்திலிக் குழம்பைக் குறைக்க வேண்டாம், தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினால் போதும். இடையிடையே குடிக்கும் சர்க்கரை டீயும் ஜூஸும் நிற்க வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தை எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்போ மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி ஒரு டெஸ்ட் உண்டு. அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அதற்குள் வீடே குழந்தையின் பின்னால் போய்விடுகிறது. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடும் நாளும் அதே சமயத்தில்தான் வருகிறது. அன்றைக்கே தாய்க்கும் கேட்டு வாங்குங்கள். அந்த டெஸ்டுக்கு மட்டும் நாஷ்டா சாப்பிடாமல் போக வேண்டும். டப்பாவில் கட்டி எடுத்துப் போய், ரத்தம் கொடுத்து டெஸ்ட் முழுதும் முடிந்த பிறகு சாப்பிடலாம்.