மச்சானின் ‘குண்டு’ டயர் ஆசை!

‘‘மாமா, நீங்களே பாருங்க... கொசுக்கால் மாதிரி டயர்! இதைக் கழட்டிட்டு 235 போட்டா, வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்!’’

செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா பொலேரோ வாங்கிய நாளிலிருந்து மச்சானுக்கு இதே பாட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பெருமூச்சு விடுவான். பழைய டயர்கள் தேய்ந்து வழுக்கை விழுந்துவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும். ஆபீஸில் போனஸும் வந்திருந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. பின் ஸீட்டில் என் மாமியார்! (எனக்கும் அக்கறை உண்டு ஸார், நம்புங்கள்.)

‘காசை இறைப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவரைக் கேட்போம்’ என்று மச்சானை நாமக்கல்லுக்கு இழுத்துப் போனேன். லாரி டயர்களுக்கு நடுவிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவர் அங்கே எனக்குப் பழக்கம்.

‘‘ஏந்தம்பி, டயர்ல என்ன எழுதியிருக்குனு எப்பவாவது படிச்சீங்களா?’’ என்றார் எடுத்தவுடன்.

படித்திருக்கிறோம். அர்த்தம்தான் தெரியாது!

215/75 ஆர் 15. முதல் எண், டயரின் அகலம்... மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 75 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம். ‘ஆர்’ என்றால் ரேடியல். கடைசி 15, ரிம்மின் விட்டம்... அங்குலத்தில்! ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவிகிதம், அங்குலம் என்று மூன்றையும் கலந்தடித்த புண்ணியவான் யாரோ?

பெரியவர் பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டார். மச்சானின் டயர் உயரம் 703.5 மி.மீ. அவன் ஆசைப்பட்ட 235/75 ஆர் 15 போட்டால் 733.5 மி.மீ.

‘‘மூணு சென்டிமீட்டர்தானே?’’ என்றான் மச்சான்.

‘‘அதுலயும் பாதிதானுங்க வண்டி உசரும், ஒண்ணரை சென்டிமீட்டர். ஆனா வில்லங்கம் மட்டும் முழுசா வருமே!’’

அந்த 30 மி.மீ. என்பது 4.3 சதவிகிதம். ஸ்பீடாமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது; டயர் வளர்ந்த கதை அதற்குத் தெரியாது. முள் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டியிருக்கும். மீட்டரில் 10,000 கிலோமீட்டர் ஏறும்போது நிஜமாக ஓடியது சுமார் 10,426. ‘டயர் மாத்தினதுலேர்ந்து மைலேஜ் விழுந்துடுச்சு’ என்று புலம்புகிறவர்களின் கணக்கில் இந்தப் பொய்யும் சேர்த்தி! ஆனால், முழுக்கப் பொய்யில்லை. கனமான, அகலமான டயரை உருட்ட இன்ஜினுக்குக் கூடுதல் உழைப்புதான்.

‘‘மலை ஏறும்போது கியர் இழுக்காது, மூணுல போற இடத்துல ரெண்டு கேக்கும். எறங்கும்போது அதே பிரேக்குக்குப் பெரிய சக்கரத்தை நிறுத்தற வேலை. கொண்டை ஊசில ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சீங்கனா, ஆளுங்க நெறைஞ்சு வண்டி அமுங்கியிருக்கற நேரம், மட்கார்டுல ‘சர்ர்ர்’னு உரசும். டயர் கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?’’

மச்சான் முகத்தில் சிங்கம் கொஞ்சம் இளைத்தது.

பொதுவாக 3 சதவிகிதத்துக்குள் நிற்கச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 225/75 ஆர் 15 போடலாம்... 2.1 சதவிகிதம்தான். 235/70 ஆர் 15 என்றால் அகலம் கூடினாலும் உயரம் ஒரு சதவிகிதம்கூட ஏறாது. எதுவானாலும் உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அது பொருந்தும் என்று டயர் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் லோடு எண்ணையும் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 97 என்றால் 730 கிலோதான். பழையதைவிட இந்த எண் குறையவே கூடாது. தயாரித்த தேதியும் அங்கேயே உண்டு. 2324 என்றிருந்தால் 2024-ம் வருஷத்தின் 23-வது வாரம்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே, உங்கள் மாடலின் எந்த வேரியன்ட்டுக்காவது கம்பெனியே அந்த சைஸைக் கொடுத்திருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிடுவது உத்தமம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் டேப்போடு வருவார்!

‘‘ஸ்டெப்னியும் அதே சைஸ்ல வேணுமுங்க. அஞ்சு டயருக்குக் காசு இருக்கா?’’ என்று கடைசி ஆணியை அடித்தார் பெரியவர். (வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த ஸ்பேர் வீல் அது. தெருவை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பெயரை நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம்.)

மச்சான் நெடுநேரம் யோசித்தான். அதே 215/75 சைஸிலேயே, மண் ரோட்டுக்கும் ஏற்ற முரட்டுக் கட்டை வைத்த டயராக நான்கு எடுத்தான். பழைய நாலில் தேறிய ஒன்று ஸ்டெப்னி ஆனது.

கொல்லிமலையில் 40-வது வளைவில் டீ குடிக்க நிறுத்தியபோது, மாமியார் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

‘‘புது டயர் போட்டேன்னியே... எப்படா போடப் போறே?’’